ஒரே நாளில் பனிமலை போய்வர முடியுமா? ஆஸ்திரேலியக் குளிர்காலம்: கேள்வி-பதில்

கடிதம் எழுதுகிறவர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். எந்த மாதம் வருகிறீர்கள், எத்தனை பேர், அவரவர் வயது என்ன, இந்த மூன்றையும் எழுதுங்கள். போன முறையும் கேட்டேன். இந்த முறையும் பாதிப் பேர் “நாங்கள் வருகிறோம், பிளான் போட்டுத் தாருங்கள்” என்றே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன்.

கே: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. அப்போது வந்தால் பனியில் விளையாடலாமா? (திருச்சி வாசகர்)

முடியாது. மே அங்கே இலையுதிர்காலம். ஜூன் இரண்டாவது திங்கட்கிழமையை ஒட்டி வரும் நீண்ட வார இறுதியில் சீசனைத் திறப்பார்கள், அக்டோபர் முதல் வாரம் வரை ஓடும். திறப்பு என்பதும் பல வருடங்களில் பெயருக்குத்தான். மெஷினில் செய்த பனியை ஒரு பட்டையாகக் கொட்டி வைத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் பழுப்புப் புல் தெரியும். நம்பி வரக்கூடிய காலம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. ஜூலை முதல் பாதியில் அங்கேயும் பள்ளி விடுமுறை, விலை எல்லாம் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டில் கொஞ்சம் இறங்கும். லீவுதான் கணக்கு என்றால் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு வாருங்கள். செப்டம்பர் கடைசியில் மேல் சரிவுகளில் பனி மிச்சம் இருக்கும், மதியத்துக்கு மேல் கஞ்சியாகிவிடும். காலையிலேயே விளையாடி முடித்துவிடுங்கள்.

கே: சிட்னியில் பனி பெய்யுமா?

பெய்யாது.

கே: மெல்போர்னில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போகிறோம். பகலில் 14 டிகிரி என்கிறார்கள், அது ஊட்டி மாதிரிதானே? ஸ்வெட்டர் போதுமா? (மதுரை வாசகி)

வெளியே ஊட்டி மாதிரிதான். வீட்டுக்குள்ளேதான் சிக்கல். ஆஸ்திரேலிய வீடுகள், அதிலும் பழையவை, குளிரைத் தடுக்கிற மாதிரிக் கட்டப்பட்டவை அல்ல. ஹாலில் ஹீட்டர் ஓடும், படுக்கையறையும் குளியலறையும் சில்லென்று கிடக்கும். காலையில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபின் கரண்ட் பில்லை நினைத்து ஹீட்டரை அணைத்துவிட்டுச் சால்வையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அணைக்காதீர்கள். கம்பளிக் காலுறை, உள்ளே போடும் தெர்மல், படுக்கைக்கு எலெக்ட்ரிக் பிளாங்கெட், இவை வேண்டும். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், நடைப்பயிற்சியை மதியமே முடித்துக்கொள்ளுங்கள்.

கே: சிட்னி டூங்காபியில் இருக்கிறோம். ஊரிலிருந்து மாமனார், மாமியார், மச்சினன் குடும்பம் வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை விடியற்காலை 2 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்கு த்ரெட்போ பனிமலை. மாலை 4 மணிக்கு இறங்கினால் இரவு 10-க்கு வீடு. ஏழு பேர், ஒரே வண்டி, ஓட்டுவது நான் மட்டும். ரூம் செலவு மிச்சம். சரிதானே?

சரியில்லை. வருடா வருடம் ஜூலை பிறந்தால் இந்தக் கடிதம் வந்துவிடும், ஆள்தான் மாறுவார். எனக்கும் கை சலிக்காமல் பதில் வரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சிட்னியிலிருந்து த்ரெட்போ சுமார் 500 கிலோமீட்டர். ஆறு மணி நேரம் என்பது எங்கேயும் நிற்காமல் ஒற்றை ஆள் ஓட்டினால். நீங்கள் ஏழு பேர். கோல்பர்னில் ஒருவருக்கு டாய்லெட், கான்பெராவில் ஒருவருக்கு காபி, கூமாவில் குழந்தைக்கு வாந்தி. எட்டு மணி நேரம் என்று வையுங்கள். சனிக்கிழமை காலை மலையடிவார ஊரான ஜிண்டபைனுக்கு மேலே வண்டிகள் ஊரும். அப்புறம் பார்க்கிங். அப்புறம் ஜாக்கெட், பூட்ஸ் வாடகைக்கு வரிசை. ஏழு பேருக்கு அளவு பார்த்து மாட்டி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு. நான்கு மணிக்கு இறங்க வேண்டும் என்றால் சாப்பாட்டு நேரம் போகப் பனியில் நிற்பது மூன்று மணி நேரம். அதற்காகப் பதினாறு மணி நேரம் வண்டியில்.

இது நேரக் கணக்கு மட்டும். எனக்குப் பயம் திரும்பி வரும் வழி. ஐந்தரை மணிக்கு இருட்டு. ஜிண்டபைனிலிருந்து கூமா, கூமாவிலிருந்து மொனாரோ நெடுஞ்சாலை, இந்தப் பாதை முழுக்க அந்தி நேரத்தில் கங்காருவும் வாம்பேட் என்கிற குட்டைக்கால் விலங்கும் சாலை ஓரத்துப் புல்லுக்கு வரும். கங்காரு விளக்கைப் பார்த்தால் ஓடிப்போகாது, எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. வாம்பேட் அதைவிட மோசம். முப்பது கிலோ கருங்கல் மாதிரி தாழ்வாக உருண்டு வரும், பம்பருக்குக் கீழே போன பிறகுதான் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்த ஆள், பனியில் நனைந்து, வயிறு நிறையச் சிப்ஸ் சாப்பிட்டு, ஹீட்டர் போட்ட வண்டியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பின்னால் ஆறு பேர் தூங்குவார்கள். நீங்களும் தூங்குவீர்கள்.

எனக்கே நடந்தது. பல வருடம் முன்பு, இதே கணக்குத்தான் போட்டேன், ரூம் செலவு மிச்சம் என்று. பிரெட்போ தாண்டி ஏழு மணி வாக்கில் கங்காரு ஒன்று இடப்பக்கமிருந்து வந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேடியேட்டர் போய்விட்டது, கண்ணாடிக்கு முன்னால் வெண்புகை. இழுவை வண்டி வர மூன்று மணி நேரம். வெளியே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் குளிர். என்ஜின் போனதால் ஹீட்டரும் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, ஈரமான கையுறைகளைத் தன் மடியில் வைத்துச் சூடாக்கிப் பேத்திக்கு மாட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே: வெள்ளிக்கிழமை பகலிலேயே கிளம்புங்கள், அரை நாள் லீவு போட்டால் ஒன்றும் குடி முழுகாது. இருட்டுவதற்குள் கூமா. மலைமேல் தங்கினால்தான் விலை கொள்ளை. ஜிண்டபைனில் குறைவு, கூமாவில் இன்னும் குறைவு. அங்கிருந்து மலைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சனிக்கிழமை முழுநாள் பனி, இரவும் கூமாவிலேயே, ஞாயிறு பகலில் வீடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், ஓட்டத் தெரிந்த இன்னொருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறதா என்று சொல்லவில்லை. இருந்தால் குழந்தைக்கான தனி சீட் கட்டாயம், மடியில் வைத்துக்கொள்வது அங்கே நடக்காது.

மெல்போர்ன்காரர்கள் “நாங்கள் போகலாமா” என்று கேட்பீர்கள். லேக் மவுண்டன் இரண்டு மணி நேரம், தாராளமாகப் போய்வரலாம். ஆனால் அங்கே டொபோகனும் (உட்கார்ந்து சறுக்கும் பலகை) சமதளத்தில் நடக்கும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயும்தான். லிப்டில் ஏறிச் சறுக்குவது இல்லை. அதற்கு மவுண்ட் புல்லர், மூன்று மணி நேரம். ஃபால்ஸ் கிரீக், ஹோத்தம் எல்லாம் ஒரு நாள் சமாச்சாரம் இல்லை.

கே: வாடகைக் காரில் போகிறோம், 4 சக்கர இயக்கம். டயரில் மாட்டும் பனிச் செயின் தேவையா?

விக்டோரியா மலைகள் பலவற்றில் 4 சக்கர இயக்கத்துக்கும் செயின் கொண்டுபோயே ஆக வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் பெரிஷர் பனிமலைக்குப் போகும் கோசியஸ்கோ சாலையில் 2 சக்கர இயக்க வண்டிக்குக் கட்டாயம். போகிற மலையின் விதியை அந்த வாரம் பாருங்கள். அதைவிட முக்கியம், வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். பனிச் சாலையில் ஏறினால் காப்பீடு செல்லாது என்று பல கம்பெனிகள் பொடி எழுத்தில் போட்டிருக்கும். செயினை வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். மலையில் முதல் தடவையாக, சேற்றுப் பனியில் முழங்கால் போட்டு, விரல் மரத்துப்போய் மாட்டுவது வேறு. எந்தச் சக்கரத்தை என்ஜின் சுழற்றுகிறதோ அதில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். டீசல் வண்டி என்றால் அடிவாரத்தில் ஆல்பைன் டீசல் நிரப்புங்கள். சாதா டீசல் இரவில் மெழுகாக உறைந்துவிடும். ராத்திரி நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வையுங்கள், ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள்.

கே: அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பனியைப் பார்த்தால் போதும் என்கிறார். (கோவை)

புல்லக்ஸ் ஃப்ளாட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்கீட்யூப் ரயிலில் ஏறுங்கள். மொத்தப் பாதை எட்டரை கிலோமீட்டர், பாதிக்கு மேல் சுரங்கம், நேராகப் பெரிஷர் பள்ளத்தாக்கின் நடுவில் இறக்கிவிடும். செயின் கவலை இல்லை. கண்ணாடிச் சன்னலோரம் உட்கார்ந்து ஹாட் சாக்லேட் குடித்தபடி பேரப்பிள்ளைகள் விழுவதைப் பார்க்கலாம். நடக்கும்போது மட்டும் கைபிடித்துக் கூட்டிப்போங்கள். பனியைவிட, மிதிபட்டு ஐஸான நடைபாதைதான் முட்டியை உடைக்கும். திரும்பும்போது கூமாவில் ஸ்னோயி ஹைட்ரோ மையத்தையும் காட்டுங்கள். 1949-இல் தொடங்கி 1974 வரை சுமார் ஒரு லட்சம் பேர், முப்பதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள், இந்த மலைகளைக் குடைந்து அணை கட்டினார்கள். பழைய ஜிண்டபைன் ஊரே இன்றைக்கு ஏரித் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. நம் ஊர் அணைகளைப் பார்த்து வளர்ந்த அப்பாக்களுக்கு இது பிடிக்கும்.

கே: ஜீன்ஸ் போதாதா?

போதாது. நனைந்த ஜீன்ஸ் காலில் ஒட்டிய ஐஸ். ஜாக்கெட், பேன்ட் இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, கண்ணாடி, காலுறை சொந்தமாக வாங்குங்கள். மே மாதம் ஆல்டி சூப்பர்மார்க்கெட்டில் பனி உடுப்பு மலிவாகப் போடுவார்கள், வரிசையில் நிற்கத் தயாராகுங்கள். ஸ்கீ பூட்ஸுக்குள் ஒரே ஒரு காலுறை. குளிரும் என்று இரண்டு போடுகிறவர்களுக்குத்தான் ரத்த ஓட்டம் நின்று விரல் மரக்கும். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முனையில் லேசாக இடிக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், அதுதான் சரியான அளவு. சன்ஸ்க்ரீன் தடவுங்கள். பனியிலிருந்து எதிரடிக்கிற வெயிலில் மூக்குக்குக் கீழே கூடக் கருகும்.

கே: எனக்கு ஸ்கீ ஓரளவு தெரியும். 5, 8 வயதுப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம். ஸ்கீ ஸ்கூலில் விடுங்கள். அழுதுகொண்டே போகிற பிள்ளை மதியத்துக்குள் ஸ்கீயைப் பீட்சாத் துண்டு மாதிரி முக்கோணமாக வைத்து நிற்கக் கற்றுக்கொள்ளும். த்ரெட்போவில் ஃப்ரைடே ஃப்ளாட், பெரிஷர் பக்கம் ஸ்மிகின் ஹோல்ஸ், இரண்டும் புதியவர்களுக்கு ஏற்ற சரிவு.

கே: நாலு பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

லிப்ட் பாஸ் பெரியவருக்கு 200 டாலருக்கு மேல், வாடகை உடுப்பு, பயிற்சி, கோசியஸ்கோ தேசியப் பூங்கா நுழைவுக்கு வண்டிக்குச் சுமார் 30. எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல் என்று வையுங்கள். நம் பணத்தில் எவ்வளவு என்பதை அன்றைய மாற்று விலையில் பாருங்கள். முதல் தடவை வருகிறவர்கள் பாஸும் பயிற்சியும் சேர்ந்த பேக்கேஜை முன்கூட்டியே வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘சாகச விளையாட்டு நீங்கலாக’ என்ற வரி இருந்தால் கால் உடைந்த செலவு உங்களுடையது, ஆம்புலன்ஸ் உட்பட.

கே: பேத்திக்குப் பால்கோவா, கறிவேப்பிலை, முருங்கை விதை, வீட்டு மாவடு கொண்டுபோகலாமா? கார்டில் எழுதாவிட்டால் தெரியவா போகிறது? (திருநெல்வேலி)

தெரியும். மோப்ப நாய் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, விதை, பால் இனிப்பு மூன்றையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். மற்ற எந்தச் சாப்பாட்டுப் பொருளானாலும் வருகை அட்டையில் ‘ஆம்’ போடுங்கள். ‘ஆம்’ போட்டால் மிஞ்சிப்போனால் குப்பையில் போடுவார்கள், அபராதம் கிடையாது. மறைத்தால் 6,000 டாலருக்கு மேல்கூட அபராதம் போகும், விசாவையும் ரத்து செய்யலாம். சிட்னி பென்டில் ஹில் கடைகளில் கறிவேப்பிலையும் கிடைக்கிறது, முருங்கைக்காயும் கிடைக்கிறது. பேத்திக்கு வேண்டியது நீங்கள்.

கே: அம்மாவுக்கு 76 வயது. விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க?

இரண்டு மூன்று மாதம் முன்பே. வருகையாளருக்கான 600 விசா, கட்டணம் சுமார் 200 டாலர். 75 தாண்டினால் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், அதற்கு நாள் ஆகும். விசாக் கடிதத்தில் 8503 என்ற எண் இருந்தால் அங்கே போய் நீட்டிக்க முடியாது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் டிக்கெட் போடுங்கள்.

கே: 10 நாள். சிட்னி, பனி, மெல்போர்ன், உலுரு, கெய்ர்ன்ஸ், பெர்த். எல்லாம் முடியுமா?

விமான நிலையங்களைப் பார்க்க முடியும். சிட்னியிலிருந்து பெர்த்தே ஐந்து மணி நேரப் பறப்பு. பெர்த்தையும் உலுருவையும் மெல்போர்னையும் வெட்டுங்கள். சிட்னி மூன்று நாள், பனிக்கு மூன்று, மிச்சம் கெய்ர்ன்ஸ்: குளிர்காலம்தான் அங்கே நல்ல காலம், கடலில் கொட்டும் ஜெல்லிமீன் தொல்லை குறைவு. திமிங்கலம் சிட்னிக் கரையிலிருந்தே தெரியும், ஜூன், ஜூலையில் வடக்கே போய்க்கொண்டிருக்கும்.

கே: ஃபிலிப் தீவில் பெங்குவினைப் படம் எடுக்கலாமா?

கூடாது, ஃப்ளாஷ் இல்லாமலும் கூடாது. அவை கரையேறுவதே இருட்டியபின்தான், மெல்போர்ன் திரும்ப இரண்டு மணி நேரம். பஸ்ஸில் போங்கள்.