எத்தியோப்பிய மந்திரி – கடிதம்

வணக்கம்.

எங்கள் சபையில் வாலிபர் வேதபாட வகுப்பை நடத்திவருகிறேன். வகுப்பில் இருக்கும் ஒரு தம்பி, தான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று என்னிடம் மட்டும் சொன்னான். அவனுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் சபையை விட்டுப் போய்விட்டார்களாம். கூப்பிட்டால் பேச வருவார்கள் என்கிறான். எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்துப் பேசலாம் என்று நினைத்தேன். போதகர் சம்மதித்துவிட்டார். சபையார் இருபது பேர் வருவார்கள். முதலில் வசனங்களை விளக்கிவிட்டால் குழப்பம் வராது என்கிறார் மூப்பர் ஒருவர். 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லே 1946இல்தான் வேதாகமத்துக்குள் வந்தது என்று ஒரு காணொளியில் பார்த்தேன், அதிலிருந்து தொடங்கலாமா? தன்பாலீர்ப்பிலிருந்து 'மாற்றம் பெற்ற' சகோதரர் ஒருவரைச் சாட்சி சொல்ல அழைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. இது பிறவியிலேயே வருவதா, பழக்கத்தில் வருவதா என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன். யாரும் ஒருநாள் உட்கார்ந்து யோசித்து இதைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது தெரிந்தால் உங்களுக்குப் போதும். பிறவி என்று நிரூபித்துக் காட்டினால், 'ஜென்ம சுபாவமே பாவம்தானே' என்பார் உங்கள் மூப்பர். அந்த வாதத்தில் இறங்கினால் பொழுது சாய்ந்துவிடும்.

'மாற்றம் பெற்ற' சகோதரரைக் கூப்பிடவே கூடாது. இந்த வேலையையே ஊழியமாகச் செய்துவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1976இல் தொடங்கி 2013இல் மூடப்பட்டது. மூடியவர் அதன் தலைவரான ஆலன் சேம்பர்ஸ். மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடினார். தான் சந்தித்தவர்களில் 99.9 விழுக்காட்டினருக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்று அதற்கு முந்தைய ஆண்டே ஒப்புக்கொண்டிருந்தார். முப்பத்தேழு வருடம் கடை நடத்தியவர்களே சரக்கு இல்லை என்று கையை விரித்த பிறகு, நீங்கள் ஏன் அதைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறீர்கள்? பேச வந்த மூன்று பேருக்கு முன்னால் அப்படி ஒரு சாட்சியை நிறுத்தினால், 'நீ இப்படி ஆகும்வரை உன்னோடு எங்களுக்குப் பேச்சு இல்லை' என்றுதான் அவர்கள் காதில் விழும். பிறகு அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

1946 விஷயத்துக்கு வருகிறேன். அது ஆங்கிலத்தின் வழக்கு. அந்த ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில், 1 கொரிந்தியர் 6:9இல் இருந்த இரண்டு கிரேக்கச் சொற்களை ஒன்றாகச் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்ஸ்' என்று போட்டார்கள். பின்னால் அவர்களே மாற்றியும்விட்டார்கள். உங்கள் சபையார் மடியில் இருக்கும் வேதாகமம் 1871இல் வந்தது. அதில் அப்போதே 'ஆண்புணர்ச்சிக்காரரும்' என்று இருக்கிறது. காணொளியை நம்பி நீங்கள் எழுந்து நின்றால், மூப்பர் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்; முதல் பத்து நிமிடத்திலேயே உங்கள் வாய் அடைத்துப்போகும். அடுத்த மொழியின் சண்டையைக் கடன் வாங்கினால் இதுதான் கதி.

நம் மொழிபெயர்ப்பில் பார்க்கவேண்டியது வேறு. அதே வசனத்தில் 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்பதற்கு முந்தைய சொல் 'சுயபுணர்ச்சிக்காரர்'. கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'மலக்கோஸ்' என்ற சொல்லின் பன்மை. மென்மையானவர்கள் என்பதுதான் நேர்ப்பொருள். மத்தேயு 11:8இல் அதே சொல் வருகிறது, அங்கே 'மெல்லிய வஸ்திரம்' என்று அழகாக மொழிபெயர்த்தார்கள். கொரிந்தியரில் அது சுயபுணர்ச்சி ஆகிவிட்டது. லூத்தரின் ஜெர்மனில் அதே சொல் மென்மையான, திடமற்ற ஆட்களைக் குறிக்கும் சொல்லாக நிற்கிறது. ஒரே சொல் மொழிக்கு மொழி வேறு வேறு பாவமாகத் தலையெடுக்கிறது. 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்பதை மட்டும் கல்லில் வெட்டியதுபோல் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சொல்லைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகிறவர்களைத்தான் நான் கேட்பேன்: உங்கள் வகுப்பில் அந்தச் சொல்லை உரக்க வாசித்து விளக்கியது உண்டா?

இரண்டாவது சொல்லில் அவ்வளவு சந்தேகம் இல்லை. லேவியராகமம் 20:13இன் கிரேக்க வடிவத்தில் ஆண், படுக்கை என்ற இரண்டு சொற்களும் அருகருகே நிற்கின்றன. அந்த நிருபத்தை எழுதிய பவுல் அவற்றைக் கூட்டிக் கோர்த்திருக்கிறார் என்பது நியாயமான ஊகம். அதற்குள் எந்த உறவெல்லாம் அடங்கும் என்பதில்தான் இன்று படித்தவர்கள் பிரிந்து நிற்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் அது தீரப்போவதில்லை.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததன் காரணம் வேறு ஒரு சொல். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் வருகிற எத்தியோப்பிய மந்திரி. ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தக் குழந்தைக்கும் அவரைத் தெரியும். இரதம், சுருள், தண்ணீர், ஞானஸ்நானம் எல்லாம் தெரியும். அவர் யார் என்பது மட்டும் நம் மொழிபெயர்ப்பில் வாசித்தவர்களுக்குத் தெரியாது.

கிரேக்கத்தில், அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அந்த மனிதரைப் பற்றி முதல் வரியில் இரண்டு சொல் போடுகிறார். ஒன்று 'யூனுக்கோஸ்', அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர். இன்னொன்று 'துனாஸ்தேஸ்', அதிகாரம் உடையவர். தமிழில் இரண்டும் சேர்ந்து 'மந்திரி' ஆயிற்று. அதோடு நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். அதிகாரத்தைக் குறிக்கும் சொல் அந்த ஒரு வசனத்தோடு சரி, பிறகு வரவே இல்லை. 34, 36, 38, 39 ஆகிய நான்கு வசனங்களிலும் லூக்கா அவரை வெறுமனே 'அந்த அண்ணகர்' என்றுதான் அழைக்கிறார். நாம் நான்கு இடத்திலும் 'மந்திரி' என்று வாசிக்கிறோம். ஆக மொத்தம் ஐந்து முறை வந்த சொல் தமிழில் ஒருமுறைகூட இல்லை. பெயர் சொல்லப்படாத ஒரு மனிதருக்கு லூக்கா திரும்பத் திரும்பக் கொடுத்த அடையாளம் அதுதான். அதை எடுத்துவிட்டு அவருக்குப் பதவி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அவர்களுக்குத் தமிழ்ச்சொல் தெரியாமல் இல்லை. இதே வேதாகமத்தில் மத்தேயு 19:12இல் 'தாயின் வயிற்றிலிருந்து அண்ணகர்களாய்ப் பிறந்தவர்களும் உண்டு' என்று இயேசு சொல்லும் இடத்தில், அதே கிரேக்கச் சொல்லுக்கு 'அண்ணகர்' என்றே போட்டிருக்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். அந்தச் சொல் சில இடங்களில் அரண்மனை அதிகாரி என்ற பொருளிலும் வந்திருக்கிறது. ஆதியாகமம் 39இல் பார்வோனின் 'பிரதானி'யாகிய போத்திபாருக்கு எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் இதே வகைச் சொல்தான், அவனோ பெண்டாட்டி உள்ளவன். நியாயமான வாதம். ஆனால் லூக்கா அதிகாரத்துக்குத் தனியாக ஒரு சொல்லை வைத்திருக்கிறாரே. பதவிக்கு ஒன்று இருக்கும்போது அதே பதவிக்கு இன்னொன்று எதற்கு?

அந்தச் சொல்லைத் திருப்பி வைத்துவிட்டு அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். உபாகமம் 23:1 விதையடிக்கப்பட்டவனும் கோசமறுக்கப்பட்டவனும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது. அந்தச் சட்டம் இருக்கிற எருசலேமுக்குத்தான் இவர் பணிந்துகொள்ளப் போய்விட்டுத் திரும்புகிறார். வழியில் ஏசாயாவின் சுருளை விரித்து வாசிக்கிறார். லூக்கா எடுத்துக்காட்டும் வரி 'அவருடைய வம்சத்தை யாராலே சொல்லிமுடியும்' என்று போகிறது. வம்சம் என்ற சொல்லை ஓர் அண்ணகர் வாசிக்கிறார். அடுத்து அவர் கேட்கும் கேள்வி: தீர்க்கதரிசி இதைத் தம்மைக்குறித்துச் சொல்லுகிறாரா, வேறொருவரைக்குறித்தா? மந்திரி கேட்டால் அது வேதபாடச் சந்தேகம். அண்ணகர் கேட்டால் அடிவயிற்றிலிருந்து வருகிறது.

சுருளில் அதிகார எண் கிடையாது. நம் கணக்கில் அவர் 53இல் இருக்கிறார். இன்னும் கொஞ்சம் விரித்தால் 56. அங்கே, 'அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக' என்று வருகிறது. குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரிய இடத்தைவிட உத்தம இடம் தருவேன் என்று அடுத்து வருகிறது. உபாகமம் மூடிய கதவு இங்கே திறக்கிறது. வேதத்துக்குள்ளேயே ஒரு வசனத்துக்கு இன்னொரு வசனம் பதில் சொல்லியிருக்கிறது. மூப்பரிடம் பேசும்போது இது உதவும்.

'இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன' என்கிறார் அவர். தடை இருக்கும் என்று எதிர்பார்த்துப் பழகிய ஆளின் கேள்வி இது. 37ஆம் வசனத்தில், இரதத்தில் அவருக்குச் சுருளை விளக்கிய பிலிப்பு ஒரு நிபந்தனை சொல்வதாக நம் வேதாகமத்தில் இருக்கிறதே, அந்த வசனம் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அவற்றில் கேள்வி வருகிறது, பதில் வரவில்லை. இரதம் நிற்கிறது, இரண்டு பேரும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

இவ்வளவு சொன்னதை எடுத்துக்கொண்டு, அண்ணகர் என்றால் திருநங்கை, அண்ணகர் என்றால் தன்பாலீர்ப்பாளர் என்று சமன் போட்டுவிடாதீர்கள். அந்தத் தவற்றை இவர்களுக்கு ஆதரவாகப் பேசுகிற பக்கத்து ஆட்கள் நிறையவே செய்கிறார்கள். விதையடிப்பது வேறு, ஈர்ப்பு வேறு, பாலின அடையாளம் வேறு. உடம்பின் காரணமாகச் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் அந்த உடம்போடேயே உள்ளே வந்தார் என்பதுவரை வசனம் தாங்கும். அதற்குமேல் பாரம் ஏற்றினால் முறியும்.

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். பாதி மறந்தது உண்மைதான். ஆனால் கூட்டம் நடத்தும் முறையும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. பிலிப்பு அவரைத் தன் இடத்துக்கு அழைக்கவில்லை. அவர் கூப்பிட்ட பிறகு அவருடைய இரதத்தில் ஏறி உட்கார்ந்தான். எந்தப் பகுதியை வாசிப்பது என்பதை பிலிப்பு முடிவுசெய்யவில்லை. முதலில் வாய்திறந்தது ஒரு கேள்வி கேட்பதற்கு.

அதனால் சபைக் கட்டடம் வேண்டாம். அந்த மூன்று பேரும் சரி என்று சொல்கிற இடமாகப் பாருங்கள். இருபதுக்கு மூன்று என்றால் அது விசாரணைக் கமிஷன். மொத்தம் எட்டுப் பேருக்கு மேல் போகக்கூடாது. அவர்கள் மூவர், சபையிலிருந்து நால்வர், பேச்சை நடத்த ஒருவர். நடத்துகிறவர் நேரம் பார்க்கவும் குறுக்கே பேசுகிறவரை நிறுத்தவும் மட்டும் வாய் திறக்கட்டும். நீங்கள் அந்த ஆளாக இருக்காதீர்கள், அந்தத் தம்பிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால், பதில் சொல்ல விரும்புகிறவர் முதலில் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும்; 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று பேசியவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பதில். இந்த ஒரு விதியில்தான் பெரும்பாலான கூட்டங்கள் தடுக்கி விழுகின்றன. திருப்பிச் சொல்லத் தெரியாமல் தன்பாலுறவைக் கண்டிக்க எடுத்துக்காட்டும் ரோமர் முதலாம் அதிகாரத்துக்கு நேராகத் தாவுவார்கள். வசனம் முதல் சந்திப்பில் வேண்டாம். இரண்டாம் சந்திப்பில், பகுதியை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். கைப்பேசிகள் ஒரு கூடையில்.

இன்னொன்று, கூட்டத்துக்கு முன்னால் போதகரிடம் எழுத்தில் வாங்கவேண்டியது. இந்த மூன்று பேரும் திருவிருந்தில் பங்குபெறலாமா? பாடகர் குழுவில் நிற்கலாமா? ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கலாமா? ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் இப்போதே தெரியட்டும். 'எல்லாரையும் ஆண்டவர் நேசிக்கிறார்' என்று வாசலில் சிரித்து வரவேற்றுவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் பாடகர் அங்கியைக் கழற்றச் சொல்கிற சபைகள்தான் மிகக் கொடியவை. நேருக்கு நேராக 'இல்லை' என்று சொல்கிற சபை அதைவிட எவ்வளவோ மேல்.

முடிவு ஜெபத்தில் கவனமாக இருங்கள். மூன்று மணி நேரம் ஒழுங்காகப் பேசிவிட்டு, கடைசியில் யாராவது உணர்ச்சிவசப்பட்டு அந்தப் பையன் தலையில் கைவைத்து 'இந்தக் கட்டுகளை உடைத்துப்போடும்' என்று ஆரம்பிப்பார்கள். அதோடு அவ்வளவு நேரப் பேச்சும் பாழ். யாரையும் தொடாமல், அமர்ந்தபடியே, ஒரே ஒருவர், அதுவும் முன்கூட்டியே முடிவான ஒருவர் ஜெபிக்கட்டும்.

இதெல்லாம் நடக்குமுன் ஒரு வேலை இருக்கிறது. தம்பி 'என்னிடம் மட்டும்' சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வரி தள்ளி, போதகர் சம்மதித்துவிட்டார், மூப்பர் யோசனை சொல்கிறார், இருபது பேர் வரப்போகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயரைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டாலும் உங்கள் வகுப்பில் எத்தனை பையன்கள், அவர்களால் கண்டுபிடிக்க முடியாதா? இன்று சாயங்காலமே அவனைப் போய்ப் பாருங்கள். யார் யாருக்குத் தெரியும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கூட்டம் வேண்டுமா வேண்டாமா என்று அவனிடம் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.