எழுத்து ஆடுகிறது என்கிறான் மகன். 28,000 ரூபாய்ப் பயிற்சி தேவையா?

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறோம். வீட்டில் படுகு பேசுவோம். மகனுக்கு 9 வயது, ஆங்கில வழியில் நான்காம் வகுப்பு. வாசிக்கச் சொன்னால் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறான். சில சமயம் "எழுத்து ஆடுதும்மா" என்கிறான். தமிழிலும் இதே கதைதான். வாயால் கணக்குக் கேட்டால் மட்டும் டக்கென்று சொல்வான். ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டரில் டெஸ்ட் எடுத்துவிட்டு, "அசைவை உணரும் திறன் குறைவு, மூளையில் அந்தப் பாதை மந்தம். திரையில் ஓடும் புள்ளிகளைப் பார்த்துப் பயிற்சி எடுத்தால் வாசிப்பு வந்துவிடும்" என்றார்கள். மூன்று மாதத்துக்கு 28,000 ரூபாய். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். கட்டலாமா மேடம்?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். அது எத்தனை கிலோ பச்சைத் தேயிலை என்று நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். பணத்தைவிட எனக்கு அந்த மூன்று மாதம்தான் பெரிதாகப் படுகிறது. அந்த நேரத்தில் மகனுக்குச் செய்ய வேண்டிய வேறு வேலை இருக்கிறது. மையத்தார் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் உங்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த "அசைவுப் பாதை" என்ன என்பதை மலையில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது சுலபம். பனிமூட்டம் இறங்கிய காலையில் தோட்டத்துக்குள் ஏதோ அசைகிறது. என்னவென்று தெரிவதற்கு முன்பே கால் நின்றுவிடும். அப்புறம்தான் கொம்பு தெரியும், வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால் தெரியும், அட, காட்டெருமை! "ஏதோ அசைகிறது" என்று சொன்னது ஒரு பாதை. "காட்டெருமை" என்று அடையாளம் கண்டது இன்னொரு பாதை. கண்ணிலிருந்து கிளம்பும் செய்தி மூளையின் நடுப்பகுதியில் ஓர் இடத்தில் கைமாறிப் போகிறது. அந்த இடத்தில் ஆறு அடுக்குகள் உண்டு. இரண்டு அடுக்குகளில் பெரிய செல்கள். அசைவு, வேகம், மங்கலான வெளிச்ச வித்தியாசம் எல்லாம் இவற்றின் பொறுப்பு. இவற்றை மாக்னோ செல்கள் என்பார்கள். மற்ற நான்கு அடுக்குகளில் உள்ள சிறிய செல்கள் நிறத்தையும் நுணுக்கமான கோடுகளையும் பார்த்துக்கொள்கின்றன.

1991-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மார்கரெட் லிவிங்ஸ்டன் குழுவினர், வாசிப்புக் குறைபாடு (டிஸ்லெக்ஸியா) இருந்து இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, இந்தப் பெரிய செல் அடுக்குகள் சற்று ஒழுங்கு குலைந்தும் செல்கள் சிறுத்தும் இருப்பதைக் கண்டார்கள். 1996-ல் கினிவியர் ஈடன் என்பவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஓடும் புள்ளிகளைக் காட்டியபோது, டிஸ்லெக்ஸியா உள்ளவர்களின் மூளையில் அசைவை உணரும் பகுதி மற்றவர்களுக்கு வேலை செய்வது போல் வேலை செய்யவில்லை. உங்கள் மையத்தார் காட்டும் ஆதாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அது வரைக்கும் சரி.

சிக்கல் அதற்கு அப்புறம். அசைவு மந்தமாக இருப்பதால் வாசிப்பு வரவில்லையா, வாசிப்பு குறைவாக இருப்பதால் அசைவு மந்தமாகிறதா? தேயிலை பறிக்கிறவர் கையில் காய்ப்பு இருக்கும், புதிதாக வந்தவர் கையில் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு, புதியவர் கையை உப்புத்தாளில் தேய்த்துக் காய்ப்பு வரவழைத்தால் பறிக்க வந்துவிடுமா?

2013-ல் அதே ஈடன், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு இந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்தார். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளை அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அசைவுப் பகுதியின் வேலை குறைவாகத் தெரிந்தது. அதே அளவு வாசிக்கத் தெரிந்த சின்னப் பிள்ளைகளோடு ஒப்பிட்டதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். புள்ளி எதையும் காட்டவில்லை. வாசிப்பு கூடியது, கூடவே அசைவுப் பகுதியின் வேலையும் கூடியது. தன்னுடைய பழைய கண்டுபிடிப்பைத் தானே இப்படிப் பிரித்துப் பார்க்கிற ஆராய்ச்சியாளர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இதோடு விவகாரம் முடிந்துவிடவில்லை. இத்தாலியில் கோரி, ஃபாகோத்தி குழுவினர் 2016-ல் இதற்கு நேர்மாறாக, அசைவுக் குறை காரணமாகவும் இருக்கலாம் என்று எழுதினார்கள். அமெரிக்காவில் டெரி லாட்டன் அதே ஆண்டு, திசை அறியும் பயிற்சியால் வாசிப்பு வேகம் கூடியது என்றார். அந்தப் பயிற்சியை உருவாக்கியவரும் அவரேதான் என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். 2017-ல் சியாட்டிலில் ஜேசன் யீட்மேன் குழு, பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுத்து அளந்தது. வாசிப்பு நன்றாகக் கூடியது. அசைவுத் திறன் இருந்த இடத்திலேயே நின்றது. இது ஈடன் சொன்னதோடு மோதுகிறது. மோதட்டும், அது அவர்கள் கவலை. உங்கள் மகனுக்குத் தேவையான இடத்தில் இந்த இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன: அசைவு மந்தமாக இருக்கிற பிள்ளையும் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பில் முன்னேறுகிறது. புள்ளி ஓட்டிவிட்டுத்தான் வாசிப்புக்கு வர வேண்டும் என்பதில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பத்து வருடத்துக்கு முன் நானே இப்படி ஒரு மென்பொருளைச் சொந்தக் காசில் வாங்கினேன். என்னிடம் வந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எட்டு வாரத்தில் திரையில் என்னையே தோற்கடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். புள்ளி இடமா வலமா என்று நான் கண்ணைச் சுருக்குவதற்குள் பட்டனைத் தட்டிவிடுவாள். சந்தோஷமாகப் பாடப் புத்தகத்தைத் திறந்தேன். "கொடுக்கிறான்" என்ற சொல்லின் முன் முதல் நாள் நின்ற மாதிரியே நின்றாள். ஒரு பிள்ளையை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் எதைப் பயிற்சி செய்கிறோமோ அதில்தான் முதலில் தேறுவோம் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

சரி, வரி தாவுகிறானே, அது கண் கோளாறு இல்லையா? ஒரு காரியம் செய்யுங்கள். பழைய நியூஸ்பேப்பரில் பெரிய எழுத்துப் பத்தி ஒன்றின் நடுவே பட்டாணி அளவு ஓட்டை போடுங்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த பெரிய பிள்ளை ஒன்றின் முன் அதைப் பிடித்து, பின்பக்கம் இருந்து ஓட்டை வழியே கண்ணைப் பாருங்கள். கண் வரியில் வழுக்கிப் போகாது. நிற்கும், குதிக்கும், நிற்கும். ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் நொடி. வாசிப்பதெல்லாம் நிற்கும்போதுதான். அப்புறம் மகன் கண்ணைப் பாருங்கள். நிறுத்தம் நீளமாக இருக்கும், அடிக்கடி பின்னுக்குத் தாவும். பயந்துவிடாதீர்கள். கூடலூர் பக்கம் போனால் மலையாளப் பலகையை அரைகுறையாக எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களின் கண்ணும் இப்படித்தான் தாவும். அவர்கள் கண்ணில் கோளாறு ஒன்றும் கிடையாது. எழுத்து பிடிபடாததால் கண் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறது. மகன் விஷயத்திலும் அப்படி இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனாலும் "எழுத்து ஆடுது" என்கிறானே, அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். கண் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். பள்ளியில் சுவரில் சார்ட் மாட்டிப் பார்த்தது போதாது. தூரத்து எழுத்தைச் சரியாகச் சொல்லும் பிள்ளைக்குக்கூட பிளஸ் பவர் ஒளிந்திருக்கலாம். சின்ன வயதில் கண்ணை இறுக்கிச் சமாளித்துவிடுவார்கள். அதனால் "சொட்டு மருந்து விட்டு பவர் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். மருந்து விட்டபின் சில மணி நேரம் கிட்டே உள்ளது மங்கும், வெயில் கூசும். அன்றைக்குப் பாடம் வேண்டாம். அடுத்து, இரண்டு கண்ணும் கிட்டத்தில் ஒன்று சேர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேனா நுனியை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து பார்ப்பார்கள். அது வெகு முன்னாலேயே இரண்டாகத் தெரிந்தால், கண்கள் குவிவதில் குறை. எழுத்து ஆடுவது, தலைவலி, ஒன்று இரண்டாகத் தெரிவது எல்லாம் இதனால் வரலாம். இதற்குக் கண் பயிற்சி உண்மையிலேயே பலன் தரும். 2008-ல் அமெரிக்காவில் 221 பிள்ளைகளிடம் 12 வாரம் சோதித்து, மருத்துவமனையில் கொடுக்கும் பயிற்சியே மிகச் சிறந்தது என்று கண்டார்கள். அதே வகைப் பயிற்சியை 2019-ல் 311 பிள்ளைகளிடம் வாசிப்புக்காகவே சோதித்தபோது, வாசித்துப் புரிந்துகொள்வதில் போலிப் பயிற்சி எடுத்தவர்களைவிடக் கூடுதல் முன்னேற்றம் இல்லை. ஆக, கண்ணுக்கான சிகிச்சை கண்ணுக்கு. தலைவலி போனால் அதுவே நல்லதுதான். வாசிப்புக்குத் தனியாக வேலை செய்தாக வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-ல் கூட்டாக இதையேதான் சொன்னார்கள். கலர் கண்ணாடியும் வாசிப்புக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். யாராவது மஞ்சள் கண்ணாடி விற்க வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

2013-ல் இத்தாலியில் 12 மணி நேரம் வேகமான வீடியோ கேம் ஆடிய பிள்ளைகள் வேகமாக வாசித்தார்கள் என்றும் ஓர் ஆய்வு வந்தது. மகனிடம் சொல்லாதீர்கள், குதிப்பான். மொத்தம் 20 பிள்ளைகள், அதுவும் எழுதுகிற மாதிரியே ஒலிக்கிற இத்தாலிய மொழி.

இப்போது உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் யோசித்த இடத்துக்கு வருகிறேன். வீட்டில் படுகு. பள்ளியில் ஆங்கிலம், தமிழ். படிக்கும் இரண்டுமே அவன் வீட்டு மொழி இல்லை. இந்த ஒரு விஷயத்தை டெஸ்ட் எடுத்தவர்கள் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. மொழி பழகாததால் வரும் தடுமாற்றத்தையும் டிஸ்லெக்ஸியாவையும் பிரிக்க, புத்தகமே இல்லாமல் படுகில் விளையாடிப் பாருங்கள். "ஹட்டி" என்பதில் முதல் எழுத்தை எடுத்தால் என்ன மிஞ்சும்? அசைக்கு ஒரு முறை கை தட்டினால் "ஹெத்தை"யில் எத்தனை தட்டு? ஒரே ஒலியில் தொடங்கும் மூன்று சொல் சொல்லு. வீட்டு மொழியில் இதெல்லாம் சரளமாக வந்தால் பாதிக் கவலை போச்சு. அவனுக்குத் தமிழும் ஆங்கிலமும் இன்னும் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். படுகிலேயே ஒலியைப் பிரிக்கத் திணறினால், முறையான பரிசோதனை தேவை என்று அர்த்தம்.

இன்னொன்று, நம் எழுத்து கற்க நாளாகும் எழுத்து. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுவதும் கைவர நாலாம் வகுப்பு வரைகூட இழுக்கும் என்று 2007-ல் காட்டினார். தமிழில் 247. "கொடி" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கண் முதலில் பார்ப்பது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியது "க்". அப்புறம் பின்னால் நிற்கும் காலைப் பார்த்து, முன்னால் பார்த்த கொம்போடு சேர்த்தால்தான் "ஒ". காலும் ரகரமும் பல அச்சில் ஒரே மாதிரி இருக்கும். "காரம்" என்பதை "கரரம்" என்று வாசிக்கும் பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தப் பிள்ளை பார்த்ததைத்தான் வாசிக்கிறது.

அதனால் அந்த மூன்று மாதம் இதில் போகட்டும். தினமும் 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் ஒரே குறி: இந்த வாரம் கொம்பு, அடுத்த வாரம் இரட்டைக் கொம்பு. உமியிலோ மணலிலோ விரலால் எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் குறி வரும் பத்துச் சொல். கடைசியில் நான்கு வரிப் பத்தி. அதே பத்தியை மூன்று நாள் வாசிக்கட்டும். முதல் நாள் நீங்களும் கூடவே வாசியுங்கள். ஆங்கிலத்துக்கும் இதே முறைதான்: எழுத்தின் பெயரைக் கேட்காமல் ஒலியைக் கேளுங்கள். வரி தாவாமல் இருக்க, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாக வெட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். பத்தியை எழுத்துப் பெரிதாக, இடைவெளி தாராளமாக பிரிண்ட் எடுங்கள். எழுத்துகளைச் சற்று விலக்கி அச்சடித்ததாலேயே டிஸ்லெக்ஸியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகள் பிழை குறைத்து வாசித்தார்கள் என்று 2012-ல் கண்டார்கள். சொந்தக்காரர்கள் வந்திருக்கும்போது மட்டும் "எங்கே, வாசிச்சுக் காட்டு" என்று சொல்லிவிடாதீர்கள்.

இது என் சொந்த விருப்பம் இல்லை. 2014-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 22 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, கலர் கண்ணாடி முதல் மருந்து வரை இருந்த சிகிச்சைகளில் உறுதியாகப் பலன் தெரிந்தது எழுத்து-ஒலிப் பயிற்சிக்கு மட்டுமே.

பரிசோதனைக்கு முதலில் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அது உறுதியானால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அரசு மருத்துவர் சான்று வேண்டும். பயிற்சி மையத்தின் கம்ப்யூட்டர் ரிப்போர்ட் அங்கே செல்லாது.

எல்லாவற்றுக்கும் பிறகும் அந்தப் பயிற்சிமேல் மனம் போனால், மையத்தாரிடம் ஒன்று கேளுங்கள்: மூன்று மாதம் கழித்து புள்ளி மார்க்கை அளப்பீர்களா, அவன் பார்த்திராத பத்தியில் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறான் என்று அளப்பீர்களா? அந்த இரண்டாவது எண்ணை இன்றைக்கே வீட்டில் எடுத்து, தேதி போட்டு காலண்டரில் எழுதி வையுங்கள். கண் ரிப்போர்ட் வந்ததும், மூன்று மாதம் கழித்து எடுக்கும் எண்ணோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.