வேர்ட்ஸ்டாரில் எழுதிய பஸ்கால் நிரல் ஏன் கம்பைல் ஆவதில்லை?

கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய, டாஸ் இயங்குதளம் கொண்ட பழைய கணினியில், வேர்ட்ஸ்டார் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில் தட்டிய நிரல் திரையில் சரியாகத் தெரிந்தும் பஸ்கால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான டர்போ பஸ்கால் பிழை காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிரலில் தவறு இருக்கத் தேவையில்லை. கோப்பைத் திறந்த முறைதான் காரணம்.

வேர்ட்ஸ்டாரின் தொடக்கப் பட்டியலில் 'டி' (D) அழுத்தினால் அது ஆவண முறை. அதில் வேர்ட்ஸ்டார் வரிகளை ஒழுங்குபடுத்தும்போது பல சொற்களின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றிவிடும், அதாவது அந்த எழுத்தின் எண்ணில் 128ஐக் கூட்டிவிடும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் 110 ஆன சிறிய 'என்' (n) 238 ஆகிவிடும். வேர்ட்ஸ்டார் அதை மறைத்து 'என்' என்றே காட்டும். கம்பைலருக்கோ அது அறியாத குறி. சந்தேகமென்றால் டாஸில் 'டைப்' கட்டளையால் கோப்பைப் பாருங்கள், சொல் முடிவுகளில் கிரேக்க எழுத்துகளும் விசித்திரக் குறிகளும் தெரியும்.

நிரலுக்கு எப்போதும் தொடக்கப் பட்டியலில் 'என்' (N) அழுத்தி, ஆவணமல்லாத முறையில் திறக்க வேண்டும். ஏற்கெனவே கெட்ட கோப்பை அந்த முறையில் திறந்தால் மட்டும் அது திருந்தாது. ஒவ்வொரு பைட்டையும் படித்து, 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் 128ஐக் கழித்து, புதிய கோப்பில் எழுதும் சிறு நிரல் போதும். ஆவண முறை வரி மடிக்கும் இடத்தில் வைக்கும் 141 அப்போது 13 ஆகி வரிமுடிவு சரியாகும். புள்ளியில் தொடங்கும் அச்சுக் கட்டளை வரிகளைக் கையால் நீக்குங்கள். மூலக் கோப்பின் பிரதியை முதலில் வேறு புளொப்பியில் எடுத்து வையுங்கள்.

இனிமேல் 1983இல் வந்த டர்போ பஸ்காலின் சொந்த எடிட்டரிலேயே எழுதலாம். விசைகளும் பெரும்பாலும் வேர்ட்ஸ்டாருடையவைதான், கை தடுமாறாது.