நான்கு வாரக் குட்டி, இருபது வருடப் புலி: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், வின்வுட் என்ற சிற்றூரில் 1999-இல் தொடங்கி 2020 ஆகஸ்டில் மூடப்பட்ட தனியார் விலங்குப் பூங்கா குறித்து வந்த கேள்விகள் இவை. ‘ஜோ எக்ஸாடிக்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஜோ ஷ்ரைபோகல், 1997-இல் இறந்துபோன தன் சகோதரர் காரல்ட் வெய்ன் நினைவாக இதைத் தொடங்கினார். ஜி.டபிள்யூ. பூங்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கேள்வி: தனி ஆள் ஒருவரால் இத்தனை புலிகளை எப்படி வாங்க முடிந்தது?

வாங்கியவை குறைவு, அங்கேயே பெருகியவைதான் அதிகம். புலியின் சினைக்காலம் ஏறக்குறைய 100 முதல் 110 நாள். ஒரு ஈற்றில் இரண்டிலிருந்து நான்கு குட்டிகள் சாதாரணம். காட்டில் தாய்ப்புலி குட்டிகளை இரண்டு வருடம் வரை கூடவே வைத்துக்கொள்ளும், அதுவரை அடுத்த ஈற்று கிடையாது. பிறந்த சில நாளிலேயே குட்டிகளைப் பிரித்துவிட்டால் தாய் சீக்கிரமே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். இந்தத் தொழிலின் ஆணிவேர் இதுதான்.

சட்டமும் இடம் கொடுத்தது. விலங்குகளைக் காட்சிக்கு வைக்க மத்திய வேளாண் துறையின் உரிமம் போதும். இன்ன கிளையினம் என்று பிரித்துச் சொல்ல முடியாத கலப்புப் புலிகளுக்கு 2016 வரை அழிநிலை உயிரினச் சட்டத்தின் பதிவிலிருந்து விலக்கும் இருந்தது. அனுமதி இல்லாமல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு விற்பதுதான் குற்றம், நன்கொடையாகக் கொடுத்தால் குற்றமில்லை. அதனால் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த குட்டிகளுக்கும் படிவத்தில் ‘நன்கொடை’ என்றே எழுதினார்கள். பிற்பாடு கோர்ட்டில் ஜோவைச் சிக்கவைத்தவற்றில் அந்தப் படிவங்களும் உண்டு.

கேள்வி: நுழைவுச் சீட்டு வருமானத்தில் அத்தனை புலிகளுக்கும் தீனி போட முடியுமா?

முடியாது. பணம் வந்தது குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் கட்டணத்திலிருந்து. குட்டிகளை வண்டியில் ஏற்றி வணிக வளாகங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி போதாது, பலர் கை பட்டால் தொற்று வரும். பன்னிரண்டு வாரம் தாண்டினால் நகமும் பல்லும் வேலை செய்ய ஆரம்பித்துவிடும், ஆளுக்கு ஆபத்து. ஆக, வேளாண் துறை கண்ணை மூடிக்கொண்டது இடைப்பட்ட நான்கு வாரத்துக்கு மட்டும். அந்த நான்கு வாரமும் குட்டி தூங்க வேண்டிய நேரத்தில் எழுப்பப்படும். நெளியும்போது வாயில் பால் புட்டியைத் திணிப்பார்கள், உறிஞ்சும் வரை அசையாது, அதற்குள் படம் எடுத்துவிடலாம். படத்தில் குட்டி கொஞ்சுவதுபோலத் தெரியும். அது பசியில் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே குட்டி வளர்ந்தால் கூண்டில் இருபது வருடம் வரை இருக்கும். ஒரு நாளைக்கு 5 கிலோ இறைச்சி என்று வைத்தாலே வருடத்துக்கு 1,825 கிலோ, இருபது வருடத்துக்கு 36 டன்னுக்கு மேல். நான்கு வாரம் சம்பாதித்துக் கொடுக்கும் விலங்குக்கு இருபது வருடம் செலவு. அந்தச் செலவைச் சமாளிக்க இன்னும் குட்டி வேண்டும், அவையும் வளரும். பூங்கா பெருத்ததும் மூழ்கியதும் இந்த ஒரே கணக்கால்தான் என்பது எங்கள் முடிவு. 2017 அக்டோபரில் வேறு விலங்குகளுக்கு இடம் வேண்டும் என்று ஐந்து புலிகள் சுட்டுக் கொல்லப்பட்டன. கணக்கு அந்த இடத்தில் போய் நின்றது.

கேள்வி: கடைகளில் விற்காமல் மிஞ்சிய இறைச்சியைக் கொடுத்தார்களாமே. புலிக்கு அது போதாதா?

பழைய இறைச்சி என்பதைவிட, எலும்பில்லாத சதை என்பதுதான் பெரிய கோளாறு. தீனியில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய சம அளவில் இருக்க வேண்டும். வெறும் சதையில் பாஸ்பரஸ் பதினைந்து மடங்குக்கும் மேல். ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். வளரும் குட்டிக்கு முதலில் பின்னங்கால் தள்ளாடும், பிறகு கால் வளையும், மேடையிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். எலும்போடு கொடுப்பது, அல்லது சதையை எடைபோட்டு அதற்கேற்பக் கால்சியம் தூள் கலப்பது என இரண்டே வழி. ஈரலைத் தினமும் கொடுப்பதும் தப்பு, வைட்டமின் ஏ அளவு மீறி எலும்பில் முடிச்சு விழும்.

மிச்சத்தை அன்றன்றைக்கே அள்ளாவிட்டால் ஈ மொய்க்கும். கூண்டு விலங்கின் காது நுனியை ஈ கடித்துப் புண்ணாக்கும். 2020 கோடையில் இந்தப் பூங்காவைச் சோதித்தவர்கள் எழுதிய குறைகளில் இதுவும் இருந்தது.

கேள்வி: அங்கே ஒரு ஊழியர் கையை இழந்தார் என்கிறார்கள். கம்பிவலை இருந்தும் எப்படி?

2013-இல் நடந்தது. கூண்டுக்குள் கையை நீட்டியபோது புலி கவ்விக்கொண்டது. வலை புலியைத்தான் தடுக்கும், உள்ளே போகும் கையைத் தடுக்காது.

சரியான முறை இது. ஒவ்வொரு அடைப்புக்கும் இரண்டு அறை, நடுவில் மேலிருந்து இறங்கும் பலகைக் கதவு. அந்தக் கதவை வெளியில் நின்றே இழுக்க வேண்டும். புலியை ஓர் அறைக்கு அழைத்து, கதவை இறக்கிப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, உள்ளே எத்தனை விலங்கு என்று எண்ணிச் சொல்லி, இரண்டாவது ஆளும் எண்ணிச் சரி என்ற பிறகே காலி அறைக்குள் போகலாம். தீனியைச் சரிவுக்குழாய் வழியாகத் தள்ளலாம், அல்லது நீண்ட இடுக்கியால் கொடுக்கலாம். விரல் ஒருபோதும் வலையைத் தாண்டக் கூடாது. அடைப்புகளைச் சுற்றி வெளிவேலி தனியாக 8 அடி. விபத்து நடப்பது புதிய ஆளுக்கு மட்டுமில்லை, ‘இது என்னைத் தெரிந்த புலி’ என்று ஒரு படியைத் தாண்டிவிடும் பழைய ஆளுக்கும்தான்.

கேள்வி: அதிகாரிகள் சோதனைக்கு வந்துகொண்டுதானே இருந்தார்கள். இருபது வருடம் ஏன் மூடவில்லை?

பழைய விதிப்படி வருடாந்தரக் கட்டணம் கட்டி, விதிகளைப் பின்பற்றுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் உரிமம் புதுப்பிக்கப்படும். சோதனையில் எழுதிய குறை அதைத் தடுக்காது. விசாரணை இல்லாமல் அதிகாரி உரிமத்தை நிறுத்திவைக்கலாம், ஆனால் அதிகபட்சம் 21 நாள். நிரந்தரமாகப் பறிக்க நீண்ட விசாரணை வேண்டும். 2020 நவம்பரில்தான் விதி மாறியது. இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாகச் சோதனையில் தேற வேண்டும்.

கேள்வி: அப்படியானால் உண்மையில் மூடியது யார்?

ஒரு பெயர் வழக்கில் ஆரம்பித்தது. ஃப்ளோரிடாவில் கேரல் பாஸ்கின் நடத்திய ‘பிக் கேட் ரெஸ்க்யூ’ காப்பகம் குட்டிக் காட்சிகளை எதிர்த்தது. ஜோ அதே பெயரை ஒட்டித் தன் காட்சிகளுக்குப் பெயர் வைத்தார். 2013-இல் சுமார் பத்து லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கடன் கைக்கு எட்டாமல் இருக்க நிலம் ஜோவின் தாயார் பெயருக்கு மாற்றப்பட்டது. 2016-இல் கூட்டாளியாக வந்த ஜெஃப் லோ பூங்காவை எடுத்துக்கொண்டார். பாஸ்கினைக் கொல்ல ஆள் ஏவியதாக 2018-இல் கைதான ஜோ, 2019-இல் குற்றவாளி என்று தீர்ப்பானார். புலிகளைக் கொன்றது, விற்றது, பொய்ப் படிவம் எழுதியது எல்லாம் அதே வழக்கில் சேர்ந்திருந்தன. 2020 ஜனவரியில் 22 வருடச் சிறை, 2022-இல் அது 21 ஆனது.

2020 ஜூனில், நிலத்தைக் கைமாற்றியது மோசடி என்று சொல்லி கோர்ட் அதை பாஸ்கினின் அமைப்புக்கே கொடுத்தது. ஆகஸ்டில் லோவின் உரிமம் 21 நாள் நிறுத்தப்பட்டது. அவர் பூங்காவை மூடி, விலங்குகளோடு அதே மாநிலத்தில் உள்ள தாக்கர்வில் என்ற ஊருக்கு மாறினார். நவம்பரில் மத்திய அரசு வழக்குப் போட்டது. 2021 மே மாதம் 68 சிங்கம், புலி, கலப்பினங்கள், ஒரு ஜாகுவார் கைப்பற்றப்பட்டன.

கேள்வி: அத்தனை புலிகளை எப்படி இடம் மாற்றுவார்கள்? மயக்க ஊசிதானே?

ஊசி கடைசி வழி. நாள் இருந்தால் பயணக்கூண்டை அறைக் கதவோடு ஒட்டி வைத்து, தீனியை அதற்குள்ளேயே கொடுத்துப் பழக்குவார்கள். ஒரு நாள் உள்ளே தின்றுகொண்டிருக்கும்போது கதவை இறக்கினால் போதும். ஊசிதான் என்றால் முந்தின நாளே தீனியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக்குழலில் போகும். கெட்டமின்-மெடட்டோமிடின் கலவை வழக்கம். மற்ற பல விலங்குகளுக்கு ஒத்துக்கொள்ளும் டைலெட்டமைன்-ஸோலாஸெபாம் கலவையைப் புலிக்குத் தவிர்ப்பார்கள், தெளிந்த பிறகும் வலிப்பும் தள்ளாட்டமும் வரலாம். மயக்கத்தில் கண் மூடாது, ஆகவே கண்ணில் களிம்பு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், மயங்கிய உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளாது.

கேள்வி: காட்டில் விட்டிருக்கலாமே?

முடியாது. இனம் கலந்தவை, வேட்டை தெரியாதவை, மனிதனைக் கண்டால் விலகாதவை. பலவற்றுக்கு நகம் எடுக்கப்பட்டிருக்கும். நகம் எடுப்பதென்றால் விரலின் கடைசி எலும்பையே வெட்டுவது. அந்தப் புலிக்கு நடப்பதே வேதனை.

கேள்வி: இப்போது அங்கே இப்படி ஒரு பூங்கா தொடங்க முடியுமா?

2022 டிசம்பர் 20-இல் கையெழுத்தான பெரும்பூனைப் பொதுப் பாதுகாப்புச் சட்டம், தனியார் வீட்டில் வைத்திருப்பதையும் பொதுமக்கள் தொடுவதையும் தடுக்கிறது. சிங்கம், புலி, சிறுத்தை, பனிச்சிறுத்தை, மேகச்சிறுத்தை, ஜாகுவார், சீட்டா, கூகர், இவற்றின் கலப்பினங்கள் எல்லாம் இதில் அடங்கும். ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் 2023 ஜூன் 18-க்குள் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பதிந்தாலும் இனப்பெருக்கம் செய்யவோ விற்கவோ கூடாது. உரிமம் உள்ள காட்சியகத்திலும் பார்வையாளர் 15 அடி தள்ளி நிற்க வேண்டும், அல்லது நிலையான தடுப்பு வேண்டும். குட்டியை மடியில் வைக்க வழியே இல்லை. வின்வுட் நிலத்தைப் பாஸ்கினின் அமைப்பு 2021-இல் விற்றபோது, நூறு வருடத்துக்கு அங்கே விலங்குக் காட்சியகம் நடத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் விற்றது.