முதல் படிக்கு அப்புறம் என்ன?

கேள்வி: 'தி ஃப்ரே' குழு பாடிய 'ஹவ் டு சேவ் எ லைஃப்' பாட்டை அடிக்கடி கேட்கிறேன். 'முதல் படி' என்று ஆரம்பிக்கிறார்கள், மற்ற படிகள் பிடிபடவில்லை. என் நண்பன் மனச்சோர்வில் இருக்கிறான். எங்கெங்கே தப்பு செய்கிறான் என்று விளக்கி நீளமாக எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை. 'டாக்டரைப் பார், இல்லாவிட்டால் என்னை மறந்துவிடு' என்று கடைசியாகச் சொல்லிவிடலாமா? பாட்டின் உட்பொருள் என்ன? அந்த நண்பன் கடைசியில் இறந்துவிடுகிறானா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: பாட்டில் வரும் ஆள் செய்ததில் பாதியைச் செய்துவிட்டு, பாட்டுக்குப் பொருள் கேட்கிறீர்கள். சரி, பாட்டிலிருந்தே தொடங்குவோம்.

'கொஞ்சம் பேசணும்' என்கிறார் இவர். நண்பன் நழுவப் பார்க்கிறான். 'உட்கார், சும்மா பேச்சுதான்' என்று நிறுத்துகிறார். அவன் மரியாதைக்குச் சிரிக்கிறான். இவரும் மரியாதையாகவே பார்க்கிறார், ஆனால் பார்வை அவனைத் தாண்டி வலப்பக்க ஜன்னலுக்குப் போய்விடுகிறது. எதிரே ஆள் உட்கார்ந்திருக்க, இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அக்கறை காட்டுகிறார்! அடுத்த சரணங்களில் இன்னும் மும்முரம்: அவனைவிட உனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அவனுக்கு உணர்த்து, குறைகளைப் பட்டியல் போடு, அவன் குரல் உயர்ந்தால் நீ தாழ்த்திக்கொண்டு கடைசி வாய்ப்பு என்று ஒன்றை நீட்டு.

உருக்கமான பியானோவோடு வருவதால் இதை உபதேசம் என்று எடுத்துக்கொண்டீர்கள். இசையை நிறுத்திவிட்டு வரிகளை மட்டும் படியுங்கள், அத்தனையும் குத்தல். சரணங்களில் 'நீ இதைச் செய், அதைச் செய்' என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த குரல், பல்லவியில் 'நான் எங்கே தவறினேன்' என்று உடைகிறது. ஒரு நண்பனை எப்படி இழப்பது என்பதற்கான படிகள்தான் இதுவரை சொன்னவை. அவற்றில் பாதியை நீங்கள் ஏற்கெனவே ஏறிவிட்டீர்கள்.

என்னை உறுத்துவது இன்னொன்று. பாட்டு முழுக்க அந்த நண்பன் சொந்தமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. குரலை உயர்த்தினான் என்று வருகிறது, என்ன சொன்னான் என்று வரவில்லை. அவன் இனி என்ன சொல்வான் என்பதையும் இவரே 'ஒன்று இது, இல்லாவிட்டால் அது' என்று முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறார். உங்கள் கேள்வியிலும் நண்பன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லையே, கவனித்தீர்களா?

பாட்டு பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. டென்வர் நகரத்துக் குழு இது. பாட்டு வெளிவந்தது 2005இல். ஜோ கிங்குடன் சேர்ந்து இதை எழுதிய பாடகர் ஐசக் ஸ்லேட், சிக்கலில் தவித்த பதின்வயதினருக்கான முகாம் ஒன்றில் வழிகாட்டியாக இருந்தவர். அங்கே 17 வயதுப் பையன் ஒருவனைச் சந்தித்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அவனிடம் 'இதை நிறுத்து, இல்லாவிட்டால் உன்னோடு பேச்சில்லை' என்றே கெடு வைத்திருந்தார்களாம். அவனுக்குத் தேவைப்பட்டதோ கூட நிற்கும் ஒரு ஆள். நண்பன் இறந்ததாக வரிகளில் எங்கும் இல்லை. 'கிரேஸ் அனாட்டமி' என்ற மருத்துவமனைத் தொடர் வழியாகப் பாட்டு பரவியதால், கேட்டதுமே பலருக்குச் சாவு ஞாபகம் வருகிறது என்பது என் ஊகம்.

பல்லவியோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. வழி தெரிந்திருந்தால் ராத்திரி முழுக்கக் கூடவே விழித்திருந்திருப்பேனே என்று புலம்புகிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மனச்சோர்வு ஒரு ராத்திரியில் வடியும் காய்ச்சல் அல்ல. அதற்குப் பேச்சு சிகிச்சை இருக்கிறது, மருந்து இருக்கிறது, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். நண்பனின் உயிர் உங்கள் ஒருவரின் சாமர்த்தியத்தில் மட்டும் தொங்கிக்கொண்டில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். பதில் இல்லை என்கிறீர்கள். மனச்சோர்வில் தூக்கம் கெடும், பசி போகும், நாலு வரி படிப்பதற்குள் கவனம் கலையும், தன்னால் எல்லோருக்கும் தொல்லை என்றே தோன்றிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவன் உங்கள் குற்றப்பத்திரிகைக்கு வரிக்கு வரி விளக்கம் எழுத வேண்டுமோ? அந்தப் பட்டியலை அவன் உங்களுக்கு முன்பே தனக்குத்தானே வாசித்து முடித்திருப்பான், உங்களுடையதைவிட நீளமாக.

டாக்டரைப் பார்க்கச் சொல்வது சரியான யோசனை. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் பார்க்கத்தான் வேண்டும். அதில் 'இல்லாவிட்டால்' என்று கட்டிவிட்ட வாலை மட்டும் வெட்டுங்கள். 'நானே நேரம் வாங்கிடறேன், கூடவும் வர்றேன்' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு செய்தி: 'பதில் போடணும்னு இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன், சும்மா உட்கார்ந்திருப்போம்.' சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

போனால், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அது தவறான நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 'ஆமாம்' என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். அவன் வீட்டில் நம்பகமான ஒருவருக்குச் சொல்லுங்கள், அப்போதே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டால் செய்துகொடுக்காதீர்கள்.

ஒற்றை ஆளாகச் சுமந்தால் நீங்களும் சீக்கிரம் களைத்துப்போவீர்கள். அவனை நன்றாகத் தெரிந்த இன்னும் ஓரிருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கையிலும் பட்டியல் இருந்தால், அவனிடம் போகுமுன் வாங்கி வைத்துவிடுங்கள்.

– ஆசிரியர்