பாக்கராக் போக ரயிலா, படகா? கேட்டதும் சொன்னதும்

நான் ஜெர்மனியில், மைன்ஸ் நகரில் குடியிருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் பாக்கராக்குக்கு ஒரு நாள் கூட்டிப் போவேன். ஏறக்குறைய 2,000 பேர் வாழும் சின்ன ஊர். போன வாரம் அதைப் பற்றி எழுதியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கி நேராகப் பாக்கராக் போக வேண்டும். எந்த ரயில்?

விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ஐசிஇ என்ற அதிவேக ரயில் நிற்கும் பெரிய நிலையம் உங்களுக்கு வேண்டாம், ஏனென்றால் பாக்கராக்கில் எந்த ஐசிஇயும் நிற்காது. முதல் டெர்மினலுக்கு அடியில் இருக்கும் ரெகியோனல்பான்ஹோஃபுக்கு, அதாவது உள்ளூர் ரயில் நிலையத்துக்குப் போங்கள். 1 முதல் 3 வரையான நடைமேடைகள் அங்கேதான். எஸ் 8 ரயிலில் மைன்ஸ் மத்திய நிலையம் வரை அரை மணி நேரம். அங்கே ஆர்பி 26 ரயிலுக்கு மாறுங்கள். கோப்லென்ஸ் பக்கம் போகிற அந்த ரயில் மணிக்கு ஒன்று உண்டு, பாக்கராக்குக்கு முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கதவு தானாகத் திறக்கும் என்று நிற்காதீர்கள், பொத்தானை அழுத்த வேண்டும்.

வரைபடத்தில் பார்த்தால் கௌப் என்ற நிலையம் பாக்கராக்குக்குப் பக்கத்திலேயே தெரிகிறது. ரூடஸ்ஹைம் வழியாக அங்கே போகும் ரயில் கிடைக்கிறது. அதில் வரலாமா?

தயவுசெய்து வேண்டாம். இதில் நானே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். ரைனின் இரண்டு கரையிலும் தனித்தனி ரயில் பாதை ஓடுகிறது. இடக்கரையில் பிங்கன், பாக்கராக், ஓபர்வேசல், சாங்க்ட் கோவார். வலக்கரையில் ரூடஸ்ஹைம், கௌப், சாங்க்ட் கோவார்ஸ்ஹௌசன். மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் வரை நடுவில் ஒரு பாலம்கூடக் கிடையாது. ஃபெரி மட்டும்தான், அதுவும் சில இடங்களில் சாயங்காலத்தோடு நின்றுவிடும்.

இங்கே வந்த முதல் வருடம் வீஸ்பாடனில் ஏதோ ஒரு ரயிலில் ஏறி, ஜன்னலில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்து, இருட்டும் நேரத்தில் கௌப்பில் இறங்கினேன். நான் முன்பதிவு செய்திருந்த விடுதி இருந்த ஊர் அக்கரையில் விளக்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசி ஃபெரி போய்விட்டது. ரூடஸ்ஹைமுக்குத் திரும்பிப் போய், அங்கே இரவு வரை ஓடும் ஃபெரியில் பிங்கனுக்குக் கடந்து, மறுபடி ரயில் பிடித்துப் பாக்கராக் போய்ச் சேர்ந்தபோது விடுதிக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அதிலிருந்து யார் கேட்டாலும் முதலில் எந்தக் கரை என்றுதான் கேட்கிறேன். சாங்க்ட் கோவாரும் சாங்க்ட் கோவார்ஸ்ஹௌசனும் ஒரே ஊர் என்று நினைத்து டிக்கெட் எடுப்பவர்களும் உண்டு. எதிரெதிர்க் கரை அவை.

பிங்கனிலும் ஒரு குழி இருக்கிறது. மத்திய நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. படகுத் துறைக்குப் போகிறவர்கள் 'பிங்கன் ஷ்டாட்' நிலையத்தில் இறங்குங்கள்.

படகில் எவ்வளவு தூரம் போவது நல்லது? கோப்லென்ஸ் வரை முழுவதும் போகலாம் என்று கணவர் சொல்கிறார்.

உங்கள் கணவருக்கு உட்காரும் பொறுமை இருந்தால் போகட்டும். என்னைக் கேட்டால், பாக்கராக்கிலிருந்து சாங்க்ட் கோவார் வரை போதும். யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கில் கண்ணுக்கு விருந்து இந்தத் துண்டுதான்.

கீழ்நோக்கி, அதாவது ஆற்றோடு போனால் ஒரு மணி நேரத்துக்குள். எதிர்நீச்சலாக வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதனால் போகும்போது படகு, திரும்பும்போது ரயில். சாங்க்ட் கோவாரிலிருந்து பாக்கராக்குக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

மேல்தளத்தில் உட்காருங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆற்றின் நடுவே கப்பல் மாதிரி ஒரு வெள்ளைக் கோட்டை வரும். 1327இல் கட்டத் தொடங்கிய ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன் அது. போகிற வருகிற படகுகளை மடக்கிச் சுங்கம் வாங்கத்தான் அதை அங்கே கட்டினார்கள், அந்த வசூல் 1867 வரை நடந்தது. கரையோரம் பெரிய எண் பலகைகள் தெரியும். கான்ஸ்டன்ஸ் பாலத்திலிருந்து எண்ணிய கிலோமீட்டர் கணக்கு அது. பாக்கராக் 543, எல்லோரும் பார்க்கத் துடிக்கும் லோரலை என்ற செங்குத்துப் பாறை 554. பலகையை எண்ணிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கும் பொழுது போகும். எதிரே வரும் சரக்குப் படகுகளையும் கவனியுங்கள். பின்பக்கத்தில் மாலுமியின் குடும்ப வீடு, ஜன்னலுக்கு லேஸ் திரை, கூரைமேல் நிறுத்திய கார், சிலதில் கொடியில் காயும் துணி. லோரலையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். பாறை, பாறைதான்.

நாங்கள் நான்கு பேர். டிக்கெட் எப்படி எடுத்தால் செலவு குறையும்?

ஒரு நாளைக்கு மட்டும் என்றால் ரைன்லாண்ட்-ஃபால்ஸ் டிக்கெட். பாக்கராக் இருக்கும் மாநிலத்தின் பெயர் அது. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே செல்லும். ஃபிராங்க்ஃபர்ட் அதில் அடங்காது, மைன்ஸ் வரை தனியாக எடுக்க வேண்டும்.

மாதம் முழுக்க சுற்றுகிறவர்களுக்கு, நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. அது சந்தா முறை. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். ஐசிஇயில் செல்லாது, ரைன் படகிலும் செல்லாது. படகுக்குத் தனி டிக்கெட், அதையும் எந்தக் கம்பெனிப் படகோ அந்தக் கம்பெனியிடமே வாங்க வேண்டும்.

கோடையில் தண்ணீர் குறைந்து படகே ஓடாது என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. கௌப்பில் இருக்கும் நீர்மட்ட அளவுகோலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டரைத் தொட்டது. முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லையே என்று பயந்துவிடாதீர்கள். அளவுகோலின் பூஜ்ஜியம் ஆற்றின் அடி இல்லை. படகு போகும் தடத்தில் அதற்கு மேல் இன்னும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம் இருக்கும். பாரம் ஏற்றிய சரக்குப் படகுகளுக்குத்தான் பெரிய தலைவலி. பயணிகள் படகு சில துறைகளில் நிற்காமல் போகலாம், அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் கதை வேறு, போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் அன்று காலை படகுக் கம்பெனி இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

டிசம்பரில் போகலாமா?

ஊர் அழகாக இருக்கும், படகு இருக்காது. வழக்கமான படகுப் பயணம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான்.

அப்பா அம்மாவோடு வருகிறோம். அம்மாவுக்கு மூட்டு வலி. இருவரும் சைவம். ஒரு ராத்திரி தங்கலாமா?

தாராளமாகத் தங்கலாம். மலைமேல் இருக்கும் ஷ்டாலெக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் ஏறும் படிகள் அம்மாவுக்கு ஒத்துவராது. கீழே ஊருக்குள்ளேயே அறை எடுங்கள். தெருவெல்லாம் கல் பாவியது, சக்கரப் பெட்டி தடதடவென்று குதிக்கும், சின்னப் பெட்டியாக எடுத்து வாருங்கள்.

ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் ரயில் பாதை போகிறது. இரவெல்லாம் சரக்கு ரயில் ஓடும். சத்தம் அதிகமான பழைய வேகன்களுக்கு 2020 டிசம்பரில் தடை வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் 'ஆறு தெரியும் அறை' என்று விளம்பரம் போட்டால் ரயிலும் தெரியும் என்று அர்த்தம். பின்பக்க அறை கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு அடை மாதிரி கார்டோஃபல்புஃபர் கிடைக்கும், ஆப்பிள் கூழோடு தருவார்கள். மாவில் முட்டை இருக்கும், அப்பா அம்மாவுக்கு முட்டை ஆகாது என்றால் கேட்டு வாங்குங்கள். பீட்சா மாதிரி மெல்லிய ஃபிளாம்கூஹனில் பன்றி இறைச்சி வழக்கமாக இருக்கும், 'ஓனே ஷ்பெக்' என்று சொன்னால் இல்லாமல் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை மூடியிருக்கும், பிஸ்கட், பழம் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

பெர்லினிலிருந்து சலுகை விலை டிக்கெட் எடுத்திருக்கிறேன் அக்கா. ஐசிஇ தாமதமானால் டிக்கெட் வீணா?

இல்லை தம்பி. போய்ச் சேருவது 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே, அந்த ரயிலில்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு போய்விடும். அடுத்த ரயிலில் ஏறுங்கள். ஒரு மணி நேரம் தாமதம் என்றால் 25 சதவீதம், இரண்டு மணி என்றால் 50 சதவீதம் பணம் திரும்பக் கேட்கலாம். செயலியில் 'எஸ்இவி' என்று போட்டிருந்தால் அந்தத் துண்டுக்கு ரயில் இல்லை, பஸ் என்று பொருள். அன்றைக்குப் படகு நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது? நான் சொன்னால் யாருக்கும் புரியவில்லை.

'பாக்கராக்' என்று எழுதுவது நம் வசதிக்கு. எஃகு என்று சொல்லும்போது தொண்டையில் உரசுமே, அந்த ஒலி இரண்டு இடத்திலும் வர வேண்டும். பாஃகராஃக். நமக்கு ஆய்த எழுத்து இருக்கிறது, டெல்லிக்காரர்களைவிட நாம் சீக்கிரம் பிடித்துக்கொள்வோம்.