பிரான்சைஸ் கடை மூடியாயிற்று: அப்பாவின் ரப்பர் தோட்டத்துக்கு ஆபத்தா?

கேள்வி: நானும் தம்பியும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி, மார்த்தாண்டத்தில் பெங்களூர் நிறுவனம் ஒன்றின் ஐஸ்கிரீம் கடையை பிரான்சைஸ் எடுத்தோம். நஷ்டத்தால் இரண்டாம் ஆண்டே மூடிவிட்டோம். மீதி மூன்று ஆண்டு ராயல்டி (விற்பனையில் அவர்களுக்குத் தர வேண்டிய பங்கு) 14 லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர்களுடைய இயக்குநரே நடுவராம், விசாரணை பெங்களூரிலாம். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குலசேகரத்தில் 60 சென்ட் ரப்பர் அவர் பெயரில் இருக்கிறது. தொகை எழுதாத கம்பெனி செக் இரண்டும் அவர்களிடம் இருக்கிறது.
- வாசகி, தக்கலை

பதில்: கம்பெனிக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்து பொறுப்பாகாது. ஆனால் அப்பாவின் கையெழுத்து அந்த வேலியைத் திறந்துவிட்டது. ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கம்பெனியின் பொறுப்பு முழுக்க ஜாமீன்தாரருக்கும் உண்டு. கம்பெனியிடம் கேட்டு முடித்த பிறகுதான் அவரிடம் வர வேண்டும் என்றில்லை.

எனவே முதலில் ஜாமீன் பத்தியைப் படியுங்கள். தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா? அப்பாவின் சம்மதமில்லாமல் ராயல்டி சதவீதத்தை மாற்றினார்களா? மாற்றியிருந்தால், அதற்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்கு 133-ஆம் பிரிவு அவரை விடுவிக்கும். 'எந்த மாற்றத்துக்கும் இப்போதே சம்மதம்' என்ற வரி இருந்தால் இந்த வாதம் எடுபடுவது கடினம். பல நிறுவனங்கள் அதை அச்சிட்டே வைத்திருக்கின்றன.

14 லட்சம் அப்படியே கிடைத்துவிடாது. 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே தர முடியும். குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ வேறொருவருக்குக் கடை கொடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் தேதியுள்ள பில் ஒன்று வாங்கி வையுங்கள். அவர்களுடைய இழப்பு குறைந்ததற்கு அது நல்ல சான்று.

நாகர்கோவிலில் வழக்குப் போடாதீர்கள். தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரே தீர்ப்பார் என்று ஒப்பந்தம் சொல்வதால், நடுவர் சட்டம் 8-ஆம் பிரிவைக் காட்டி அதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய இயக்குநர் நடுவராக முடியாது (பிரிவு 12(5)). தானே நடுவராக முடியாதவர் இன்னொருவரை நியமிக்கவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. பதில் நோட்டீஸிலேயே இந்த ஆட்சேபணையை எழுதுங்கள். 'ஆட்சேபணை இல்லை' என்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். தகராறு எழுந்தபின் அப்படி எழுதிக் கொடுத்தால்தான் அந்த உரிமை போகும். நடுவர் விசாரணையின் அமைவிடம் பெங்களூர் என்றால், நடுவரை நியமிக்கக் கேட்க வேண்டியது கர்நாடக உயர் நீதிமன்றத்தில், மதுரைக் கிளையில் அல்ல. அலைச்சலைக் குறைக்க, 29பி பிரிவின் கீழ் ஆவணங்களை மட்டும் வைத்து ஆறு மாதத்தில் முடிக்கலாமா என்று கேளுங்கள். அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது செக்தான். தொகை எழுதாத செக்கானாலும் கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். திரும்பினால் கையெழுத்திட்டவர் மீதே கிரிமினல் வழக்கு வரும், அதுவும் அவர்களுடைய வங்கிக் கிளை இருக்கும் ஊரில். ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாலும் தப்ப முடியாது. மூடிய நாள் வரையிலான ராயல்டி பாக்கி, டெபாசிட் கழிவு எல்லாம் கணக்குப் போட்டு, 'செக் பாதுகாப்புக்காகக் கொடுத்தது, இவ்வளவு கடன் இல்லை' என்று இப்போதே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திரும்பிய பின் நோட்டீஸ் வந்தால், 15 நாளுக்குள் பதில் போக வேண்டும்.

சமரசம் பேசினால், செக் எண்களை எழுதித் திரும்பப் பெறுங்கள். அப்பா ஜாமீனிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்ற வரி இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.